கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கூட்டம் போட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. தேநீர் ஆறும்வரை பேசுவார்கள். பிறகு ஆறிப்போனதைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் எங்கள் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வித் திட்டத்தை நான் தனியாகவே வகுத்தேன். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒருமுறை நடத்தினால் போதும். கைக்குழந்தையோடு இருப்பவர்கள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள், என் அக்காவைப்போல் அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்தவர்கள், எல்லார் வீட்டுக்கும் அந்தப் பாடம் போய்ச் சேரும். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப் பேராசிரியையைக் கையைக் காலைப் பிடித்து அழைத்துவந்தேன். வெறும் கேமராவைப் பார்த்து அவருக்குப் பேச்சே வரவில்லை.

“மூஞ்சியப் பார்க்காம எப்படிப்பா நடத்துறது? புரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதனால் பதிவு அறைக் கண்ணாடிக்கு வெளியே நானே உட்கார்ந்தேன். நான் தலையாட்டினால் அடுத்ததற்குப் போவார். மின்விசிறி சத்தம் போடும் என்று நிறுத்திவைத்தோம். ஜிப் சத்தம்கூடப் பதிவாகும் என்பதால் அவருடைய கைப்பை என் மடியில் இருக்கும். கதவு தானாகத் திறந்து வெளிச்சத்தம் நுழையாதிருக்க, நான் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். கரும்பலகை வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால் உள்ளே சுண்ணக்கட்டித் தூசி. அவருக்கோ மூச்சிரைப்பு. பாடத்துக்கு நடுவே கதவைத் திறந்து காற்று விடுவது என் வழக்கம்.

கடைசிப் பாடத்தன்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“இதையும் முடிச்சுக் குடுத்துடறேன். ஆனா எதையும் வெளியிடாதே தம்பி. பார்க்கக் குடுத்த பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு விளங்கலை. எதிர்ல உக்கார வச்சு, எல்லாத்தையும் திரும்ப நடத்தணும்.”

ஆசிரியர் உயிரோடிருக்கும்வரை பாடத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியவன் நான்தான். நல்லெண்ணத்தில் எழுதியது.

அன்று நான் கதவைத் திறக்கவில்லை. கடைசிக் கணக்கை முடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். என் மடியிலிருந்த பையைக் காட்டினார். மருந்து அதில்தான் இருந்தது. கதவை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். தடித்த கண்ணாடி, சத்தம் வெளியே வராது. என்னையே பார்த்தார். பழக்கதோஷம், தலையாட்டினேன்.

அந்தத் தட்டலைப் பதிவில்தான் முதன்முதலாகக் கேட்டேன். வெட்டி எடுத்துவிட்டு எல்லாப் பாடங்களையும் வெளியிட்டேன். அக்காவும் படிக்கச் சேர்ந்தாள். “நல்லாத்தான் நடத்துறாங்கடா. கடைசிப் பாடம் முடியுறப்போ மட்டும் பக்கத்துல யாரையோ பார்த்துக்கிட்டே இருக்காங்க. யாருடா அது?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பேருந்திலோ வீட்டிலோ எந்த ஜன்னலருகே உட்கார்ந்தாலும் கண்ணாடிக்கு மறுபக்கம் யாரோ தட்டுகிறார்கள். பயமாக இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அநாதையாகச் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி மூச்சுவரை நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.