யுஸ்ராவின் சொல்லை மீட்டுத் தந்த மருத்துவர் நஜீபா திரீக்கி அவர்களுக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்பாக்ஸ் நகர மருத்துவமனையின் நரம்பியல் பிரிவை நடத்திய நற்கரத்தீரே! அஞ்சி வந்தோரை அணைத்து, அயர்ந்து கிடந்தோரை எழுப்பி, அயராது நின்ற அம்மையீரே! இன்று பணிநிறைவு பெறும் தங்களை உடன் உழைத்த நாங்கள் வணங்குகிறோம்.

தங்கள் பெருமைகளை அடுக்கினால் பொழுது போதாது. ஆகவே, யுஸ்ரா கம்மூன் ஒருத்தியின் கதையை மட்டும் சொல்கிறோம்.

ஒலிவ எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைச் சுவைத்துத் தரம் சொல்பவள் யுஸ்ரா. தன் உடலே தன்னைப் பகைக்கும் லூபஸ் நோயோடு ஏழாண்டு வாழ்ந்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன், இருபத்தாறு வயதில், ஒரு காலை வேளையில் அவள் வலக்கையிலிருந்து சுவைக்கிண்ணம் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. உதவிக்கு அழைக்க வாய் திறந்தாள், சொல்லும் வரவில்லை.

"சின்னப் பொண்ணு. ஏதோ பயந்திருக்கா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று அவசரப் பிரிவில் ஒருவர் சொன்னார். அதைச் சொன்னவர் எங்களுள் ஒருவரே. இம்மடலை எழுதும் கையும் அவருடையதே.

அப்போது தாங்கள் வந்தீர்கள். "லூபஸ்னு சீட்டுல எழுதியிருக்கே, யாரும் படிக்கலையா? வயசப் பாக்காதீங்கடா, வாயப் பாருங்க. கோணிக் கிடக்கு!" என்றீர்கள். நேரம் தவறுமுன், மூளை இரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்து ஏறியது. மூன்றாம் நாள் அவள் தன் தாயைப் பார்த்து "உம்மா" என்றாள். ஓராண்டில் பேச்சு முழுதாகத் திரும்பியது. வலக்கை விரல்கள் மூன்றுக்கு அசைவு இன்றுவரை திரும்பவில்லை.

"இந்த அடைப்பு மறுபடி வருமா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"வரலாம். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். உனக்கு ரத்தம் உறையுற வாகு இருக்கு. மாத்திரைய மட்டும் விட்டுடாத, கண்ணு."

அந்த "வரலாம்" அவளோடு உறங்கியது, அவளோடு விழித்தது. கால் மரத்தால் எழுந்து நடந்து பார்ப்பாள்; ஒரு பெயர் மறந்தால் தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்ப்பாள். மணமான பின் பிள்ளை ஆசை வந்தது. அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். பத்தொன்பது நாள்.

இரத்தப் பரிசோதனைக்கு அவள் வராததைக் கவனித்தவர் தாங்கள் ஒருவரே. மதிய உணவையும் விட்டுவிட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"பைத்தியக்காரி! மாத்திரைக்குப் பதிலா ஊசி இருக்குடி. நீயும் இருக்கணும், பிள்ளையும் இருக்கணும்."

அன்று முதல் அவள் நாளுக்கு இருமுறை, இடக்கையாலேயே ஊசி போட்டுக்கொள்கிறாள். இன்று ஏழு மாதக் கர்ப்பிணி.

மடலின் இப்பகுதியைச் சற்றுமுன்தான் எழுதினோம். இந்த விழா இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கிய காரணம் அவையோர் அறியார். முகத்தின் பாதி மரத்துவிட்டதென்று யுஸ்ரா வந்து நின்றாள். மாலை விழாவுக்காக ஒப்பனை செய்துகொண்ட தாங்கள் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினீர்கள். மூளையைப் படம் எடுக்கும் அறைக்கு வெளியே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. படம் வந்தது. புதிய அடைப்பு இல்லை. ஒற்றைத் தலைவலியின் வேலை.

யுஸ்ரா தங்கள் கையை விடாமல் கேட்டாள்: "நாளைக்கு இப்படி ஆனா யாரைக் கூப்பிடுறது?"

தாங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தீர்கள். அங்கு நின்ற நாங்கள் அறுவரும், ஒருவர் சொல்லி ஒருவர் பின்தொடர, "நாங்க இருக்கோம்" என்றோம். யுஸ்ரா எங்களை ஒவ்வொருவராக வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் தங்கள் கையை விட்டாள்.

நல்லுறக்கமும் நலிவில்லா உடலும் நீண்ட நாளும் பெற்று, கடற்காற்றில் களித்து வாழ்வீராக!

என்றும் தங்கள் அன்பில்,
நரம்பியல் பிரிவின் மருத்துவர், செவிலியர், பணியாளர் அனைவரும்
ஸ்பாக்ஸ்