கயிற்றை விட்ட மச்சான்

மில்லர்புரத்தில் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்வதற்குள் மூத்தவர் கேட்டார்.

"ஏன் மாப்ள, நான் யாரக் கொன்னேன்?"

"அது கதை மச்சான். திருவிழா மலருக்கு எழுதினது."

"முத்துக் குளிக்கிறவனுக்குப் பொண்டாட்டியோட அண்ணன்தான் மேல படகுல கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலி நிக்கணுமேன்னு உசுரே போனாலும் விட மாட்டான். உன் கதையில விட்டுட்டானே."

"அது நீங்க இல்ல. கற்பனை."

"கற்பனைக்கும் என்ன மாதிரியே காதுல மருவா? உம் பொண்டாட்டி ரெண்டு நாளா எங்கூட முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா. நீ விட்ருவியாண்ணேன்னு கேக்குதா."

"செத்தவன் நான்தான். நானே கோவப்படல."

"நீயா? அவன் பத்துப் பாகம், அறுபதடி ஆழத்துக்கு முங்குதான். நீ முட்டளவு தண்ணியில நிக்க மாட்டியே."

"அதான் சொல்லுதேன், கற்பனைன்னு."

மூத்தவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"உனக்கு நீச்சலக் கற்பனை பண்ணத் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கொஞ்சம் நல்ல புத்தியக் கற்பனை பண்ணியிருக்கலாம்லா."