கூட்டணி வெண்டது

பீலெஃபெல்ட் டிராமில் எனக்கு முன் இருக்கையில் வயதான ஒரு பெண்மணி, மடியில் மரக்கறிப் பை. பக்கத்தில் அவரை அக்கா என்று அழைத்த ஒருவர்.

“அக்கா, ஸ்பெயினில உங்கட மகளின்ர அந்தச் சூழல் காக்கிற பச்சைக் கட்சி வெண்டதோ, தோத்ததோ?”

“கூட்டணி வெண்டது, தம்பி. கட்சி வெண்டதோ எண்டு அவையளுக்கே தெரியாது.”

“இஞ்ச ஜேர்மனியில பச்சைக் கட்சிக்காரர் தனிய நிண்டே இடங்கள் வெண்டு, மந்திரியாயும் இருந்தவை.”

“அங்க தனிய நிண்டு சரிவரேல்லை. அதால இடதுசாரியளோட சேர்ந்தவை. அந்தக் கூட்டணி உடைய, பிறகு இன்னொண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பேர்.”

“எங்கட ஊர்க் கட்சியள் மாதிரி.”

“இல்லை. எங்கட ஆக்கள் பிரிஞ்சு பேர் மாத்துவினம். இவையள் சேர்ந்து மாத்துகினம்.”

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“அப்ப பிள்ளை நகரசபைக்கு வந்திட்டாளோ?”

“இல்லை. கூட்டணிப் பட்டியலில அவளுக்கு முன்னுக்கு நிண்டவரோட, கிடைச்ச இடமெல்லாம் முடிஞ்சுது.”

“கவலைப்பட்டிருப்பாள்.”

“அவளோ? ‘அம்மா, இந்தமுறை வாக்குச்சீட்டில கூட்டணிச் சின்னத்துக்குள்ள எங்கட சின்னமும் இருந்தது’ எண்டு துள்ளுறாள்.”

“எவ்வளவு பெரிசு?”

அக்கா சுண்டுவிரலை நீட்டி நகத்தைக் காட்டினார். பிறகு, பெருவிரலால் அதில் பாதியை மறைத்தார்.