ஃப்யூம் ஹுட்டில் ஒட்டியிருந்த தாள்

ஃப்யூம் ஹுட்டைச் சரிசெய்து கொடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். கேட்டது தப்பில்லை, எழுதியதுதான் தப்பு. நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்றே கைடு கலைவாணன் சொல்லியிருந்தார்: "எதுவா இருந்தாலும் வாயால கேளு காவேரி. எழுத்துல கேட்டா நான் எழுத்துல பதில் சொல்லணும்."

விசாரணைக் கமிட்டியில் சம்பூர்ணம் மேடம் வரலாற்றுத் துறை என்பதால் சொல்கிறேன். ஆசிட் கொதிக்கும்போது வரும் புகையை வெளியே இழுக்கும் பெட்டி அது. ஃபேன் எரிந்து மூன்று மாதம். முன்கண்ணாடியில் விரிசல். கைடு என் கடிதத்தை மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். "லெட்டர் எழுதற கைக்கு தீசிஸ் எழுத வருமாம்மா?" என்றார். அன்று மாலை நானே 'உபயோகிக்காதீர்' என்று ஒரு தாளில் எழுதி ஹுட்டில் ஒட்டினேன்.

அப்புறம்தான் சங்கம் என்று பேச ஆரம்பித்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் என் அப்பாவுக்குச் சங்கம் இருக்கிறது. டவுன் பஸ் டிரைவருக்கு இருக்கிறது. கைடு திருத்த வேண்டிய விடைத்தாளைத் திருத்தி, அவர் மகளை டியூஷனில் விட்டு, வைவாவுக்கு வரும் தேர்வாளரின் மனைவிக்குப் பட்டுப்புடவை தேடி அலைகிற எங்களுக்கு இல்லை. கேட்டால், நீங்கள் மாணவர்கள் என்கிறார்கள். லீவு கேட்கும்போது மட்டும் வேலைக்காரர்கள் ஆகிவிடுகிறோம்.

கேன்டீனில் இருபத்துமூன்று பேர் தலையாட்டினார்கள். சங்கப் படிவத்தை நீட்டியதும் விக்ரம் எழுந்துவிட்டான். "நீ தைரியமா பேசிக்கினு இருக்குற. எனக்கு தீசிஸ்ல கையெழுத்து வேணும்பா. எதனா ஒண்ணு நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஒரு மாதம் காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். யாரையும் ஹுட் பக்கம் விடாமல் நான் ஒட்டிய தாள் கைடைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தபஸ்ஸும் என்ற பெண் அந்த வாரத் திங்கட்கிழமைதான் எங்கள் லேபில் சேர்ந்தாள். என்னைப்போலவே வீட்டில் முதல் பட்டதாரி. புதன்கிழமை காலை தாளை உரித்தேன். பசைத் தடம் தெரியாமல் ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

சாயக் கழிவுநீரை ஆசிட்டில் கொதிக்கவைக்க அவளிடம் சொல்லியிருந்தார் கைடு. "எங்கக்கா வெக்கிறது?" என்று கேட்டாள்.

"ஹுட்லயே வைம்மா. நல்லாத்தான் இருக்குது."

நான் லைப்ரரிக்குப் போய்விட்டேன். புகையில் கொஞ்சம் இருமுவாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். குடுவை வெடித்தால் தாங்காத அந்தக் கண்ணாடியை மறந்துவிட்டேன். மறக்கவில்லை. என் கடிதத்தில் இரண்டாவது வரியே அதுதான்.

குடுவை வெடித்துக் கண்ணாடி சிதறியது. அவளுடைய இரண்டு கண்ணிலும் கட்டு. ஒன்று தேறும் என்கிறார் டாக்டர். மறுநாள் மதியத்துக்குள் விக்ரம் உட்பட இருபத்துமூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. புதுப் பெண்ணின் கவனக்குறைவு என்று நீங்கள் அறிக்கை எழுதினீர்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் வந்தேன். ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் பழியைப் போடுவது அநியாயம். உங்கள் கோபம் புரிகிறது மேடம். ஹுட் கெட்டுக் கிடந்த மூன்று மாதம் அதை எங்கே வைத்திருந்தீர்கள்?

போலீஸ் வரும்வரை உட்காரச் சொல்கிறீர்கள். உட்காரமாட்டேன். செவிலிமேட்டில் அவள் வீட்டுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். படிவத்தில் முதல் இடத்தை அவளுக்காக விட்டுவைத்திருக்கிறேன். தாளை எடுத்தது நான் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும். கோடு பார்த்துக் கையெழுத்துப் போட முடியாது, அதனால் மைப்பெட்டி வாங்கிவைத்திருக்கிறேன். கட்டைவிரலை நானே பிடித்து வைப்பேன்.

கதவை விடுங்கள். அவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.