இரண்டாம் தொட்டியின் பச்சை விளக்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். சப்-ஜெயிலில் சோணைமுத்துவைப் பார்க்க வந்த நாட்களிலெல்லாம் அப்படித்தான், மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் அவனுக்குப் பிடிக்கும் என்று பால்கோவா வாங்கிக்கொள்வேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், வக்கீல் சார். அவனுக்காக வாதாடுகிறவர் நீங்கள். அவன் மேல் யாருக்கு அக்கறை இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பெயர் தவசிமுத்து என்பதும், ஆலையில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு என்பதும் உங்களுக்குத் தெரியும். பஞ்சை வேகவைத்து வெளுத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற ஆலை அது. வேகவைப்பது பெரிய இரும்புத் தொட்டியில். பஞ்சைத் திணித்து, காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீர் விட்டு, கனத்த மூடியைப் போட்டு இறுக்கி, உள்ளே நீராவியைச் செலுத்துவார்கள். வெந்து முடிந்து, நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்கலாம். ஆறிவிட்டதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் மூடியைத் திறக்கிற வேலைக்காரன் வீரணன் அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளிப்பான். சுரீர் என்றால் சூடு இன்னும் இருக்கிறது, சும்மா வழிந்தால் திறக்கலாம். நான் வந்த பிறகு தொட்டியின் சூட்டைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டு, ஆறியதும் மூடியின் பூட்டை விடுவித்துப் பச்சை விளக்கைப் போட்டது. தெளிக்கிற தண்ணீர் ஒயர்களில் இறங்கியதால் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். வீரணன் மறுபேச்சுப் பேசவில்லை. “வெளக்குச் சொன்னாச் சரி சார்” என்றான்.

அந்தக் கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலை, அதாவது கெர்னலை, நானே எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவரையும் வரவழைக்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பார்ப்பதில்லை. ஒரு வேலையில் கொஞ்சம் பார்க்கும், கடிகாரத் துடிப்பு வந்ததும் அதைப் பாதியில் நிறுத்தும், இன்னொன்றை எடுக்கும். நிறுத்துகிற நேரத்தில் எந்த எண் கையில் இருந்தது, அடுத்து எந்த வரி என்பதெல்லாம் ரெஜிஸ்டர் என்கிற சின்ன அறைகளில் இருக்கும். கெர்னல் அவற்றை அப்படியே வழித்தெடுத்து, அந்த வேலைக்கென்று ஒதுக்கிய இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அதன் முறை திரும்பும்போது பழையபடி அறைகளில் நிரப்பிவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால், தான் நிறுத்தப்பட்டதே அந்த வேலைக்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

தசமப் புள்ளி வைத்த கணக்குகளுக்கு மட்டும் பக்கத்தில் தனியாக இன்னொரு சில்லு, அதாவது சிப், இருந்தது. அதற்கும் சொந்த அறைகள் உண்டு. அந்த அறைகளை நான் சேமிக்கவில்லை. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு ஆலையில் இருந்தது ஒரே தொட்டி, அந்தச் சில்லைத் தொடுகிற வேலையும் ஒன்றே ஒன்றுதான். வேறு யாரும் வராத வீட்டுக்குப் பூட்டு எதற்கு? ஒவ்வொரு முறையும் சேமித்து எடுத்தால் நேரம்தான் வீண். படித்தவர் எவரும் என்னைப் போலத்தான் செய்திருப்பார்.

தொண்ணூற்றிரண்டில் முதலாளி இரண்டாவது தொட்டி போட்டார். நான் முதல் தொட்டியின் நிரலை நகலெடுத்து இரண்டாவதற்கும் வைத்தேன். சேமிக்காத அந்த அறைகள் என் நினைவிலேயே இல்லை. இப்போது அந்தச் சில்லை இரண்டு வேலைகள் தொட்டன. முதலாவதன் கணக்குப் பாதியில் நிற்கும்போது இரண்டாவது வந்து அதே அறைகளில் தன் எண்ணை எழுதிவிட்டுப் போகும். முதலாவது திரும்பி வந்து, அங்கே கிடப்பது தன்னுடையதுதான் என்று நம்பி மேலே தொடரும். அதற்குச் சந்தேகமே வராது.

ஒரு நாள் மத்தியானம் திரையில் கண்டேன். கொதித்துக்கொண்டிருந்த தொட்டிக்கு ஆறிய தொட்டியின் சூடு வந்து, கண் சிமிட்டும் நேரம் நின்று, சரியாகிவிட்டது. காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. திருத்துவதும் பெரிய காரியமில்லை. ஆனால் நிரல் வேறொரு சில்லில் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. ஆலையை நிறுத்தி, சில்லைக் கழற்றி, மதுரைக்குக் கொண்டுபோய் அழித்து, புதிதாகப் பதிய வேண்டும். எதற்கு என்று முதலாளி கேட்பார். வெளியூர்க்காரர்களை அழைத்துவந்து, “இவரு போட்டது, இதுவரைக்கும் ஒரு தப்பு கெடையாது” என்று என் தோளில் கைபோட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் போய் என்ன சொல்வது? வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்காகச் சும்மாவும் இருக்கவில்லை. தொட்டிகளை ஓட்டுகிற சோணைமுத்துவிடம், இரண்டையும் சேர்த்து ஓட்டாதே, நீராவி பத்தாது என்றேன். அவன் காரணம் கேட்கிற ஆள் இல்லை. மாதக்கணக்கில் ஒன்று முடிந்துதான் ஒன்றை ஏற்றினான். பிறகு பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. இரண்டையும் ஓட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். சோணைமுத்து நேரே என் கண்ணாடி அறைக்கு வந்தான்.

“சார், மொதலாளி ரெண்டையும் ஏத்தச் சொல்லுதாக. நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீக. நான் என்ன செய்யட்டும்?”

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால், இத்தனை மாதம் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். நாள் ஆக ஆக அந்த வாசல் குறுகிக்கொண்டே வந்தது. “ஓட்டு” என்றேன்.

அன்று முதல் தொட்டி ஆறிக் கிடந்தது. இரண்டாவது கொதித்துக்கொண்டிருந்தது. நான் அறையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் இரண்டாவது தொட்டியின் சூடு திடீரென்று இறங்கியது. அது முதல் தொட்டியின் சூடு என்று பார்த்ததுமே தெரிந்தது. பூட்டு விடுபட்டது, பச்சை விளக்கு எரிந்தது. வீரணன் மேடையில் கொக்கியோடு நின்றான். என் கைக்குப் பக்கத்தில் அபாய மணியின் பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஆலை முழுக்க நிற்கும், எல்லோரும் ஓடி வருவார்கள், என்ன ஏது என்று கேட்பார்கள். முன்பு போலவே அடுத்த கணக்கில் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். வீரணன் சாதாரணமாக மெதுவாக நடக்கிற ஆள். சரியாகத்தான் ஆயிற்று, விளக்கு சிவப்புக்குத் திரும்பிவிட்டது. அதற்குள் அவன் மூடியை நெம்பியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் சில நாள் உயிரோடு இருந்தான். அவன் மனைவி இருளம்மாளைத் தேற்றியவர்களில் நானும் ஒருவன்.

விசாரணை முடியும்வரை ஆலையை மூடினார்கள். அந்த இடைவெளியில் சில்லை மதுரைக்குக் கொண்டுபோய்த் திருத்திவிட்டேன். இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்பதுதான் என் எண்ணம். பழைய நிரல் அழிந்துவிட்டது, நகலும் இல்லை. பிறகு வந்த நிபுணர் எத்தனையோ விதமாகச் சோதித்தார். குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இயந்திரத்தில் தப்பு இல்லையென்றால் ஆளிடம்தானே இருக்க வேண்டும்? பூட்டைக் கையால் விடுவிக்க ஒரு சாவி உண்டு, அதைத் திருப்பினாலும் பச்சை விளக்கு எரியும். அது சோணைமுத்துவின் பொறுப்பு. அவனுக்கும் வீரணனுக்கும் வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போலீஸ் கேட்டபோது அதைச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அவர்கள் அதைக் கொலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயிலில் முதல் தடவை பார்த்தபோது சோணைமுத்து உறுதியாக இருந்தான். “சார், அந்தச் சாவிய நான் தொடவே இல்ல. செத்த நேரம் தண்ணி குடிக்கப் போனேன், அம்புட்டுதான். திரும்பி வாரேன், சத்தம் கேக்கு” என்றான். நான் நடுவில் நிறுத்தினேன். வீட்டைப் பற்றிக் கேட்டேன். மனைவி வெள்ளைத்தாய் தேவதானத்துக்குப் போய்விட்டாளா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றேன். அவன் கண் கலங்கினான். அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, “சரி, தண்ணி குடிச்சிட்டு வந்து சாவி கிட்ட நின்னேன்னு சொன்னியே, பொறவு?” என்றேன்.

“நின்னேனா சார்?”

“இப்பத்தானே சொன்னே.”

கொஞ்சம் யோசித்தான். “நின்னிருப்பேன் சார். அங்கனதான நிக்கது” என்று அங்கிருந்து தொடர்ந்தான்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்தடுத்து வந்தபோதும் அதேதான். அவன் பேசுவான், பாதியில் வேறொன்றைக் கேட்பேன், அவன் திரும்பி வரும்போது பழைய இடத்தில் நான் வைத்த வார்த்தை இருக்கும். சாவி கிட்ட நின்றான். பிறகு சாவியில் கை வைத்தான். பிறகு எதற்கோ திருப்பினான். ஒருமுறைகூட நான் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. யாரும் தன் நினைவுக்குள் நுழைந்ததாக அவனுக்குத் தோன்றவே இல்லை. பால்கோவாவைப் பாதி தின்றுவிட்டு, மீதியைப் பக்கத்து ஆளுக்கு வைத்துக்கொள்வான். அவ்வளவு நல்லவன். கடைசியில் மாஜிஸ்திரேட் முன்னால் அவனே நின்று, நான்தான் திறந்துவிட்டேன் என்று சொன்னான். யாரும் அடிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னான்.

போன வாரம் வெள்ளைத்தாய் என் வீட்டுக்கு வந்தாள். தேவதானத்திலிருந்து ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். “சொந்தக்காரவுகளே எட்டிப் பாக்கல சார். நீங்க ஒருத்தர்தான் போய்ப் பாக்கீக” என்று என் காலைத் தொட வந்தாள். நான் விலகிக்கொண்டேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. நான் கல் அல்ல, வக்கீல் சார்.

அதனால் நேற்று ஜெயிலுக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேமிக்காத அறைகள், பச்சை விளக்கு, நான் அழுத்தாத பொத்தான், அவன் வாயில் நான் வைத்த வார்த்தைகள், ஒன்றும் விடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து, பொறுமையாகக் கேட்டான். முடித்ததும் சிரித்தான்.

“என்னயக் காப்பாத்தணும்னு இம்புட்டுப் பொய் சொல்லுதீகளே சார். உங்க மனசு யாருக்கு வரும்? ஆனா வேணாம். நான்தான் திருப்புனேன். சாவி சுட்டுச்சு சார், துண்ட வச்சுப் பிடிச்சுத் திருப்புனேன். என் கை எனக்குத் தெரியாதா?”

துண்டு என்று நான் சொல்லவே இல்லை. அதை அவனாகவே சேர்த்திருக்கிறான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் துண்டிலேயே வந்து நிற்கிறான். வீரணன் தினமும் கண்ணில் வருவதாகவும், தண்டனை கிடைத்தால்தான் தூக்கம் வரும் என்றும் சொல்கிறான். தீர்ப்பன்று உங்களைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறானாம்.

நீங்களும் போய்ச் சொல்லிப் பாருங்கள். என்னிடம் காட்டப் பழைய நிரல் இல்லை, அவனிடமும் பழையது எதுவும் இல்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். உண்மையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறவன் அவன்தான், அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?