தாண்டிப் போன தூரம்

– மெதுவாக் குடி. மடக்குன்னு குடிச்சா அப்படியே வெளிய வந்துரும்.

– உப்புத்தண்ணி தொண்டைய அறுத்துருச்சு எமரிட்டு. இன்னும் ஒரு வாய் குடு மச்சான்.

– மச்சான்னு கூப்பிடாத சந்தியாகு. அந்தத் தார்ப்பாய இழுத்து மூடிக்க. ஒடம்பு எப்படி ஒதறுது பாரு.

– சரி, கூப்பிடல. மாதாவே, தாயே! உசிரோட ஒக்காந்திருக்கேனே! அதுவும் இவன் படகுல ஒக்காந்திருக்கேனே!

– எப்பக் கவுந்துச்சு?

– விடிஞ்சு கொஞ்ச நேரத்துல. தனியாத்தான் வந்தேன், நண்டு வல எடுக்க. கச்சான் காத்து ஒரே தூக்காத் தூக்கிருச்சு. வள்ளம் கவுந்து அலையோட போயிருச்சு. டீசல் கேன் ஒண்ணு மெதந்து வரவும் அதக் கட்டிப் பிடிச்சேன். இப்ப மணி என்ன இருக்கும்?

– பத்தர.

– நாலு மணி நேரமா! சலேத்து கரையில நெஞ்சுல அடிச்சுக்கிட்டு நிப்பா. பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டுக் குடேன், புண்ணியமாப் போகும்.

– இங்கன டவர் இல்ல. குருசடைத் தீவத் தாண்டி குந்துகால் கரை தெரியட்டும், போட்டுத் தாரேன்.

– கோவிச்சுக்காத எமரிட்டு, ஒனக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்? அந்தோணியாரே ஒன்னய அனுப்பிவிட்டிருக்காரு.

– எவரும் அனுப்பல. வல எடுக்க வந்தேன்.

– இல்ல, வேற எவன் படகு வந்திருந்தாலும் இம்புட்டு அழுக வந்திருக்காது. ஒன் படகுல வந்து ஏறிருக்கேனே! நான் செஞ்ச காரியத்துக்கு நீ துடுப்பால என் மண்டையில போட்டிருக்கணும்.

– அந்தப் பேச்ச எடுக்காத.

– எடுத்தே ஆகணும். நாலு வருசமாக் கோயில்ல ஒன் தலையப் பாத்தா எதிர்ப்பக்கம் போயி நிக்கிறேன். பூச முடியுமுன்னயே எந்திரிச்சு ஓடுறேன். இங்கன ஓட எடமில்ல, அதான் சொல்லிருறேன். இலங்கைக்குக் கடத்த வச்சிருந்த அந்தப் பீடி இல மூட்ட என்னோடது. ஒந் தம்பி பெலிக்ஸு படகுல ஒளிச்சு வச்சதும் நாந்தான். போலீஸ் வரவும், அவன் மூட்டதான் சார்னு கை காட்டுனதும் நாந்தான்.

– தெரியாமயா இருக்கேன்? தெருவுக்கே தெரியும்.

– தெருவுல எவனும் கேக்கல. கோர்ட்டுல கேட்டாக, அங்கயும் அதையே சொன்னேன்.

– சொன்ன. பதினாலு மாசம் உள்ள கெடந்தான். எங்கம்மா அவன் பேரச் சொல்லிச் சொல்லியே கண்ண மூடுச்சு. அடக்கத்துக்குப் போலீசோட வந்தான். எல்லாரும் ஒரு கையால மண்ணு போட்டாக, அவன் ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டான். வெலங்கு, பாத்துக்க. இப்ப ஜாமீன்ல வந்து கொல்லத்துல எவன் கம்பெனியிலயோ ஐஸ் ஒடைக்கிறான். ஊருக்கு வாடான்னா, யாரு மூஞ்சியில முழிக்கங்கிறான்.

– கரையேறுனதும் வக்கீலப் பாத்து, எல்லாம் நாந்தான்னு எழுதிக் குடுத்துருறேன். கேசு இன்னும் நடக்குதுல்ல?

– தவிச்சுக் கெடந்தவன் வாயி என்னமும் சொல்லும். அதுக்காக ஒன்னய நான் தூக்கல.

– சத்தியமாச் செய்வேன். ஒன்னய மாதிரி ஒரு நல்ல மனுசனுக்கா நான் இப்படி...

– நிறுத்து. போதும் நிறுத்து.

– எதுக்கு எஞ்சின அணைச்ச? எமரிட்டு, நடுக்கடல்ல எதுக்கு அணைச்ச?

– பயப்படாத. அந்தச் சத்தத்துக்குள்ள இதச் சொல்ல முடியாது. நல்ல மனுசன்னு சொல்லாத, காது கூசுது. ஒம்பது மணிக்கே ஒன்னயப் பாத்துட்டேன்.

– ம்.

– மொதல்ல கேன் தெரிஞ்சுச்சு. அப்புறம் தல. கிட்ட வரவும் மூஞ்சி. நீதான்னு தெரிஞ்சேதான் படக மேக்க திருப்புனேன்.

– ம்.

– மனசுக்குள்ள ஒரு கொரலு. அச்சு அசலா என் கொரலு மாதிரியே. 'எமரிட்டு, நீ ஒரு பாவமும் செய்ய வேணாம். அடிக்க வேணாம், தண்ணியில அமுக்க வேணாம். ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ, மிச்சத்தக் கடல் பாத்துக்கிரும். ஆத்தா உசிருக்கு இது சரியாப் போச்சு'ங்குது. கேக்க எம்புட்டுச் சொகமா இருந்துச்சு தெரியுமா? நாலு வருசமா எரிஞ்ச வகுத்துல தண்ணி ஊத்துன மாதிரி.

– எரியாதா பின்ன?

– பேசாம கேளு. வல கெடந்த எடத்துக்குப் போயிட்டேன். வலையில கை வைக்குமுன்ன பரலோக மந்திரம் சொல்லுவேன், அது பழக்கம். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வருது. 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' வந்துச்சு பாரு, அங்கன நாக்கு ஒட்டிக்கிருச்சு. விழுந்து கெடக்கவன் எப்படி அதக் கேப்பான்? மறுபடி மொதல்லருந்து சொல்றேன், அதே எடத்துல நிக்குது. மூணு தடவ. ஆண்டவரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, இந்த ஒரு வார்த்தைய மட்டும் பொய்யாச் சொல்லாதடாங்கிற மாதிரி இருந்துச்சு.

– அப்புறம்?

– வலையப் போட்டது போட்டபடி விட்டுட்டுத் திருப்புனேன். வார வழியெல்லாம் அந்தக் கேனத்தான் தேடுனேன். கேன் மட்டும் தனியா மெதந்தா என்ன செய்வேன்? ஆண்டவரே, அந்தச் சண்டாளன் உசிரோட இருக்கணும், என்னயக் கொலகாரனா ஆக்கிறாதேயும்னு கத்திக்கிட்டே வந்தேன். ஒந் தலையப் பாக்கவும் அழுதேன், நீ பாத்திருக்க மாட்ட. நன்றி சொல்றதுன்னா நாந்தான் ஒனக்குச் சொல்லணும் சந்தியாகு. நான் வார வரைக்கும் சாகாமக் கெடந்தியே.

– எமரிட்டு...

– இப்பத் திட்டு. மூஞ்சியில காறித் துப்பு. வாங்கிக்கிறேன்.

– நீ தாண்டிப் போனதப் பாத்தேன்.

– என்னது?

– செவப்பும் வெள்ளையும் அடிச்ச படகு, எனக்குத் தெரியாதா? கிட்ட வந்த, என்னயப் பாத்த, திருப்பிக்கிட்டுப் போன. எல்லாம் பாத்தேன்.

– பின்ன ஏன்டா கத்தல? ஒரு சத்தம் குடுத்திருந்தா...

– எந்த வாயால குடுக்க? ஒந் தம்பியக் கை காட்டுன வாயாலயா? இது எனக்கு வேணும்னு நெனச்சேன். சலேத்த நெனச்சு இன்னுங் கொஞ்ச நேரம் பிடிச்சுப் பாத்தேன். அப்புறம், போதும் இந்தப் பொழப்புன்னு, கேன நானேதான் விட்டேன் எமரிட்டு. ஒன் எஞ்சின் சத்தம் எனக்குத் தண்ணிக்குள்ளதான் கேட்டுச்சு, அதக் கேட்டுத்தான் கால ஒதச்சு மேல வந்தேன்.