வேலியோரம் கவுத்த பீரு

இல்லம்மா, ஸ்கங்க் எதுவும் எங்க வீட்டுக்கு அடியில பூரல. வாலத் தூக்கி நாத்தத்தப் பீய்ச்சுற அந்த வெள்ள வரி போட்ட சனியன் வந்திருந்தா எங்க நாய் இந்நேரம் தெருவையே கூட்டியிருக்கும். புடிக்கிறதுக்கு ஆளெல்லாம் வரவழைக்க வேணாம். முதல்ல இப்படி உக்காருங்க. குடி வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரன்கூட சண்டையா? ஒண்ணு மட்டும் கேக்குறேன். நெசமாவே நாறுதா? கொடலப் பொரட்டுற அளவுக்கா? ஜன்னலச் சாத்தின அப்புறமுமா? சரி சரி. ரொம்ப சந்தோசம்.

கிண்டல் பண்ணலம்மா. அது பீரு. நேத்து சாயங்காலம் நாந்தான் ஒரு பெட்டியில மிச்சமிருந்த பாட்டில வேலியோரமா கவுத்தேன். நானே காய்ச்சினது. கோதும பீரு, லேசா, வெளுப்பா, ஹாப்ஸ் பூவத் தாராளமாப் போட்டது. இந்த யாக்கிமா ஊருல எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பியில ஏத்தி விட்டிருக்காங்களே கொடி, அதோட பூவுதான். அந்தப் பூவு போட்ட பீர வெள்ளக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வெயில்ல வச்சீங்களா, தொலஞ்சுது. ஸ்கங்க் பீய்ச்சினாப்புல ஆயிரும். அதுக்குத்தான் பழுப்பு பாட்டில்ல அடைக்கிறது. இங்க வீட்டுல பீர் காய்ச்சுற எவனும் இந்தத் தப்பப் பண்ண மாட்டான்.

பண்ணேன். வேணும்னேதான் பண்ணேன். அதச் சொல்லத்தான உங்கள உக்காரச் சொன்னேன்.

எங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கும்மா. எல்லாரும் வீட்டுல காய்ச்சுறவங்க. மாசத்துக்கு ஒருக்கா டெல்மர் வீட்டு ஷெட்டுல கூடுவோம். டெல்மர் ஹாப்ஸ் லாரி ஓட்டுறவன், எனக்கு ரொம்ப வருசப் பழக்கம். அங்க ஒரே ஒரு சட்டம்தான். நல்லாருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போகப்படாது. மோந்து பாத்து, குடிச்சு, என்ன கொறையோ அத மூஞ்சிக்கு நேரா சொல்லணும். டெல்மர் அவன் மக கல்யாணத்துக்குன்னு காய்ச்சினான் பாருங்க, நனஞ்ச அட்டப்பெட்டி வாட வருதுடான்னு நாந்தான் சொன்னேன். அவ்வளவையும் சாக்கடையில ஊத்திட்டு மறுபடி காய்ச்சினான். அவன் பொண்டாட்டி ரொம்ப நாள் என்கிட்ட மொகம் குடுக்கல. அவன் குடுத்தான். மரியாதன்னா அதும்மா.

இந்த வருசம் என்னடான்னா, நான் எதத் தூக்கிட்டுப் போனாலும் அருமை லைல், பிரமாதம் லைல்னு என் பேரச் சொல்லிப் புகழுறானுங்க. முதுகுல வேற தட்டுறானுங்க, பச்சப்புள்ள கிறுக்கின படத்தப் பாத்துத் தட்டுற மாதிரி. எனக்குப் பத்திக்கிட்டு வருது. வீட்டுக்கு வந்தா மார்லீன், என் பொண்டாட்டி, அவ அதுக்கு மேல. வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே ஆஹாங்கிறா. பொய்யிலயே குளிப்பாட்டுறாங்கம்மா. எரிச்சல் இல்ல இது, அருவருப்பு. தட்டுல எச்சில் சோத்த வச்சு, சாப்புடு ராசான்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு.

அதான் இந்தத் தடவ நல்ல பீர்ல ஒரு பெட்டிய வெள்ளப் பாட்டில்ல அடச்சு, பகல் முழுக்க ஷெட்டுக் கூர மேல வெயில்ல வச்சேன். அதையே எடுத்துட்டுப் போனேன். ஏண்டா வெள்ளப் பாட்டில்னு ஒருத்தன் கேக்கணுமே? ம்ஹூம். டெல்மர் மோந்தான், ஒரு மடக்கு குடிச்சான், கிளாஸ கீழ வச்சான்.

நீ காய்ச்சினதுலயே இதாண்டா லைல் ஒசத்தி, அப்படிங்கிறான்.

மத்தவனுங்க மண்டைய மண்டைய ஆட்டுறானுங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. ஒருவேள வெயில் பத்தலையோ? பீரு கெடவே இல்லையோ? நாந்தான் நல்ல மனுசங்கள சந்தேகப்படுறேனோ? மிச்சத்த வீட்டுக்குக் கொண்டாந்து, கோவத்துல வேலியோரம் கவுத்துட்டேன்.

நானே மோந்து பாத்திருக்கலாமேன்னுதான கேக்குறீங்க? அங்கதான் வர்றேன்.

இன்னிக்கு நீங்க மூக்கப் பொத்திக்கிட்டுக் கதவத் தட்டுறீங்க. அப்ப கெட்டுத்தான் போயிருக்கு. அந்த நாத்தத்தத்தான் குடிச்சிருக்கானுங்க. குடிச்சிட்டு ஒசத்தின்னு வேற சொல்லியிருக்கானுங்க. தூ. டெல்மர் மூஞ்சியில இனி எப்படி முழிக்கிறதுன்னு தெரியல.

அது கெடக்கட்டும். இந்தாங்க, இது வேற பாட்டில். பழுப்புதான், பயப்படாதீங்க. அதே பீரு, நெழல்லயே இருந்தது. பொருட்காட்சியில நடக்குற பீர் போட்டிக்குப் பேரு குடுக்க நாளைக்குத்தான் கடைசி. இது சரியில்லன்னா அண்டா, குழாய் எல்லாத்தையும் வித்துட்டு நிம்மதியா டிவி பாக்குறேன். உங்களுக்கு என்னயத் தெரியாது. எம்மேல பாவம் பாக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. ஒத்த வார்த்த புளுகினாலும் கண்டுபிடிச்சிருவேன், பாத்துக்கங்க.

ஜனவரியில ஒரு காய்ச்சல் வந்துச்சும்மா. காய்ச்சல் போச்சு, போறப்ப மூக்கையும் கொண்டு போயிருச்சு. அது சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். காப்பி வாசன கெடையாது, நாய் வாட கெடையாது, மார்லீன் தல வாசனகூட கெடையாது. வேலியோரம் நாறுறதே நீங்க வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்புமான்னு கேட்டா டாக்டரு உதட்டப் பிதுக்குறாரு.

சரி, மோந்து பாருங்க. அவசரமில்ல.

ஆரஞ்சுத் தோலா? அது ஹாப்ஸு. அப்படித்தான் வரணும். அதுக்குக் கீழ? ம், சொல்லுங்க, முழுங்காதீங்க. வாழப்பழமா? நல்லாப் பழுத்ததா? இதுல வாழப்பழம் வரவே கூடாதும்மா. அப்ப புளிக்க வச்ச எடத்துல சூடு ஏறிப்போச்சு. அப்பாடா, கொறையச் சொல்ல ஒரு மூக்கு கெடச்சிருச்சு, அண்டாவ விக்கல. அடுத்த தடவ தொட்டிய நெலவறைக்கு எறக்கிடுறேன்.

அந்த நாற்காலிய இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கங்க. வேற என்ன கொற?